கல்லாவில் கைபேசி எண் கேட்டால்: மறுக்கவும் முறையிடவும் ஒரு வழிகாட்டி

துணிக்கடையிலும் மருந்துக்கடையிலும் பல்பொருள் அங்காடியிலும் பொருளை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனால், தொகையைச் சொல்வதற்கு முன்பே கைபேசி எண்ணைக் கேட்கிறார்கள். கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவது நம்மில் பலருக்குப் பழகிவிட்டது. சொல்ல மனமில்லாதவர்களும், பின்னால் வரிசையில் நிற்பவர்களை நினைத்துச் சொல்லிவிடுகிறார்கள். அந்த எண்ணைக் கொடுக்காமல் பொருளையும் பில்லையும் வாங்கி வருவது எப்படி, முன்பே கொடுத்துவிட்ட எண்ணுக்கு வரும் விளம்பர அழைப்புகளைக் குறைப்பது எப்படி, கடை பிடிவாதம் பிடித்தால் எங்கே, எந்த முறையில் எதிர்ப்பைத் தெரிவிப்பது ஆகியவற்றை இந்தியாவில் உள்ள விதிகளை வைத்து இங்கே எழுதுகிறேன்.

மறுப்பைக் கல்லாவில் நிற்கும் ஊழியரிடம் பணிவாகச் சொல்ல வேண்டும். எதிர்ப்பை முடிவெடுக்கும் நிர்வாகத்திடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த இரண்டையும் இடம் மாற்றிச் செய்பவர்களே அதிகம். மாதச் சம்பளத்துக்கு நிற்கும் பெண்ணிடம் குரலை உயர்த்திவிட்டு, அவருக்கு அந்தக் கட்டளையை இட்ட நிர்வாகத்துக்கு ஒரு வரிகூட எழுதாமல் வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

ஓர் எண்தானே என்பவர்களுக்கு

‘நம்பர்தானே, கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?’ என்று கேட்பவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கு, ஆதார், யுபிஐ, எரிவாயு உருளைப் பதிவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று எல்லாமே அந்த ஒரே எண்ணில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. வாடகை வீட்டை மாற்றுகிறோம், வேலையை மாற்றுகிறோம், ஊரையே மாற்றுகிறோம், எண்ணை மட்டும் மாற்றுவதில்லை. எண்ணை வைத்துக்கொண்டே தொலைத்தொடர்பு நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதற்கும் வந்தபிறகு, மாற்ற வேண்டிய தேவையும் போய்விட்டது. ஆகவே வெவ்வேறு கடைகளில் பதிவான செய்திகளை ஒரே ஆளோடு சேர்த்து முடிச்சுப்போட இதைவிட வசதியான அடையாளம் வணிகர்களுக்குக் கிடைப்பது அரிது.

மருந்துக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைச் சொன்னவுடன் கணினித் திரையில் பெயர் வந்துவிடுகிறது. சில கடைகளில் போன மாதம் வாங்கிய மாத்திரைகளின் பட்டியலும் அதன் கீழே விரிகிறது. திரை வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருந்தால் வரிசையில் அடுத்து நிற்பவரும் அதைப் படிக்கலாம். சர்க்கரைக்கான மாத்திரையை யார் பார்த்தாலும் கவலையில்லை என்று ஒருவர் சொல்லலாம். மனநல மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையோ குழந்தைப்பேற்றுக்காக எடுத்துக்கொள்ளும் மருந்தோ அப்படி விரிந்து கிடப்பதை எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்கள்? பெண்களுக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. பத்து இலக்கங்களையும் உரக்கச் சொல்ல வேண்டியிருப்பதால், அருகில் நிற்கும் எவரும் அதைக் குறித்துக்கொள்ள முடிகிறது. இரவு பதினொரு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து வணக்கம் சொல்லி வரும் வாட்ஸ்அப் செய்தி எங்கிருந்து வந்தது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

எங்கே கொடுக்க வேண்டும், எங்கே வேண்டாம்

மறுப்பதற்கு முன் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் எல்லா இடத்திலும் மறுத்தால் நமக்கே சிக்கல். வங்கி, யுபிஐ, சிம் அட்டை, ஆதார் ஆகியவற்றுக்கு எண் தேவை. வீட்டுக்குப் பொருள் கொண்டுவருபவருக்கு வழி கேட்க எண் வேண்டும். குளிர்பதனப் பெட்டி, துவைக்கும் இயந்திரம் போன்றவற்றுக்கு உத்தரவாதப் பதிவும் பழுதுபார்க்க ஆள் வருவதும் தேவைப்படுவதால் அங்கே கொடுப்பதில் நியாயம் உண்டு. பெருந்தொகைக்கு நகை வாங்கும்போது பான் எண் கேட்பது வருமான வரி விதிப்படி நடப்பது. அதைக் கடைக்காரரின் அத்துமீறல் என்று நினைக்கக் கூடாது.

கையோடு எடுத்துப்போகும் பொருளுக்கு எண் தேவையில்லை. ‘ஜிஎஸ்டி வந்தபிறகு நம்பர் இல்லாமல் பில் போட முடியாது’ என்று சில கடைகளில் சொல்கிறார்கள். மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 46ஆம் விதிதான் விலைப்பட்டியலில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வகுக்கிறது. வரிப்பதிவு இல்லாத சாதாரண வாடிக்கையாளர் வாங்கும் பொருளின் மதிப்பு 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் பெயரும் முகவரியும் வேண்டும் என்கிறது அந்த விதி. வாங்குபவரின் கைபேசி எண் அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

மருந்துக்கடையில் ‘டிரக் இன்ஸ்பெக்டர் கேட்பார்’ என்பார்கள். எச்1 அட்டவணையில், அதாவது கூடுதல் கட்டுப்பாட்டோடு மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டியவற்றின் பட்டியலில், வரும் மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்பது உண்மைதான். மருத்துவரின் பெயரும் முகவரியும், நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவையே அதில் எழுதப்பட வேண்டியவை. மருத்துவர் தந்த சீட்டிலேயே இவை எல்லாம் இருக்கும். மருந்துச் சீட்டைக் காட்டுவதில் தயக்கம் வேண்டாம். எண்ணைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

கல்லாவில் பேசும் முறை

வரிசையில் நிற்கும்போதே முடிவெடுத்துவிடுங்கள். நம் முறை வந்தபிறகு யோசித்தால், தயக்கத்தில் வாய் தானாக எண்ணைச் சொல்லிவிடும். பொருட்களைக் கல்லாவில் வைக்கும்போதே, கேள்வி வருவதற்கு முன்னதாக, ‘நம்பர் வேண்டாம்மா, பில் மட்டும் போடுங்க’ என்று சொல்லிவிடுவது நல்லது. குரலில் கோபமோ மன்னிப்புக் கேட்கும் தொனியோ இருக்க வேண்டியதில்லை. காரணம் சொல்லத் தொடங்காதீர்கள். ‘எனக்கு நிறைய கால் வருது’ என்று காரணம் சொன்னால், ‘நாங்க கால் பண்ண மாட்டோம் சார்’ என்று பதில் வரும், பேச்சு நீளும். வேண்டாம் என்ற சொல்லே போதுமானது.

பல கடைகளில் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். சில கடைகளில் மட்டும், ‘நம்பர் போடாம சிஸ்டம் அடுத்த பக்கம் போகாது சார்’ என்பார்கள். அந்த ஊழியர் பெரும்பாலும் பொய் சொல்லவில்லை; மென்பொருளை அப்படித்தான் அமைத்துக் கொடுத்திருப்பார்கள். ஒரு நாளில் போட்ட பில்களில் எத்தனைக்கு எண் வாங்கினார் என்று மேலாளர் கணக்குக் கேட்கும் கடைகளும் உண்டு. ஆகவே அவருக்கு ஒரு வழியைக் காட்டுங்கள்: ‘கடை நம்பரையே போட்டுடுங்கம்மா, எனக்கு ஒண்ணும் இல்லை.’ அதற்கும் தயங்கினால், ‘சூப்பர்வைசரைக் கூப்பிடுங்க, நான் ஓரமா நிக்கிறேன், நீங்க அடுத்தவங்களைப் பாருங்க’ என்று சொல்லிவிட்டு வரிசையிலிருந்து விலகி நில்லுங்கள்.

விலகி நிற்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். கைக்குழந்தையோடு ஒருவர் பின்னால் நிற்கலாம். அவசர மருந்துக்கு வந்தவர் நிற்கலாம். அவர்களை நிறுத்திவைத்து நாம் உரிமை பேசினால், ‘ஒரு நம்பருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா’ என்று அவர்கள் கடையின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். ஓரமாக நின்று, அமைதியாக, எண் இல்லாமல் பில் வாங்கிப் போகும் ஒருவரைப் பார்த்தால், ‘அப்படிக்கூட வாங்கலாமா?’ என்ற எண்ணம் அவர்களுக்கும் வரும்.

மேலாளர் வந்தபிறகு ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ‘நம்பர் தரலைன்னா பொருள் தர மாட்டீங்களா, இல்லை பில் தர மாட்டீங்களா? எதுன்னு சொல்லுங்க.’ இந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று சொல்ல மேலாளர்கள் தயங்குவார்கள். சொன்னால், பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, தேதியையும் நேரத்தையும் சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண் கட்டாயம் என்று கல்லாவில் அட்டை ஒட்டியிருந்தால், ஆட்கள் யாரும் விழாதபடி அந்த அட்டையை மட்டும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடி தருகிறோம் என்பார்கள். அது வாடிக்கையாளர் திட்டத்தில் சேருவதற்கான விலை. வேண்டும் என்று நினைத்தால் தெரிந்தே சேருங்கள். மாதாமாதம் முதியவர்களுக்கு மருந்து வாங்கும் குடும்பத்துக்குப் பத்து விழுக்காடு பெரிய தொகைதான், அதற்காக எண் கொடுப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படிச் சேரும்போதும் விளம்பரத்துக்கு ஒப்புதல் தரும் கட்டத்தில் குறியிடாமல் விட்டுவிடலாம். எண்ணை உரக்கச் சொல்லாமல், சீட்டில் எழுதிக் காட்டிவிட்டுச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

வாய்க்கு வந்த பத்து இலக்கத்தைச் சொல்லித் தப்பிப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்த எண் எங்கோ ஒருவருடையதாக இருக்கும். நமக்கு வர வேண்டிய தொல்லை முழுவதும் அவர் தலையில் விழும். பொய்யான எண்ணைப் பெற்ற கடை, தன் வழக்கம் நன்றாக நடக்கிறது என்றே நினைத்துக்கொள்ளும். வெளிப்படையான மறுப்புதான் கணக்கில் பதியும்.

யுபிஐ மூலம் பணம் செலுத்துபவர்கள் தங்கள் யுபிஐ முகவரியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அதில் கைபேசி எண்ணே இருந்தால், எண் இல்லாத வேறொரு முகவரியைச் செயலியின் அமைப்புகளில் உருவாக்கிக்கொள்ள முடியும்.

சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கிறது

2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, கைபேசி எண் தராத வாடிக்கையாளருக்குச் சேவையை மறுக்கக் கூடாது என்று சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. தொழில், வணிக அமைப்புகளுக்கும் இதைத் தெரிவித்தது. எண்ணைத் தந்தால்தான் பொருள் என்று நிர்ப்பந்திப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை என்பது அத்துறையின் நிலைப்பாடு. அது அறிவுரைதான், தனிச் சட்டம் அன்று. கடையில் பேசும்போது ‘சட்டப்படி குற்றம், சிறைக்குப் போவீர்கள்’ என்றெல்லாம் மிகைப்படுத்தினால் நம் பேச்சின் மதிப்பு போய்விடும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே, முறையான பில் தராமல் இருப்பதும், வாடிக்கையாளர் நம்பித் தந்த சொந்த விவரத்தைச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் பிறருக்குத் தருவதும் நேர்மையற்ற வணிக நடைமுறைகளாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. கடைக்கும் நமக்கும் இடையே வழக்கு வந்தால் இந்தப் பிரிவுதான் கைகொடுக்கும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாகப் பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம் கல்லாப் பிரச்சினைக்கு நேரடியாகப் பொருந்தும் எடுத்துக்காட்டு ஒன்று அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மருந்துக்கடையில் பொருள் வாங்கிய ஒருவர், பணம் செலுத்தியதற்கான ரசீதைக் கைபேசிக்கு அனுப்பும்படி கேட்டுத் தானாக எண்ணைத் தருகிறார். கடை அந்த எண்ணை ரசீது அனுப்பும் நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம் என்கிறது எடுத்துக்காட்டு. ரசீதுக்கென்று வாங்கிய எண்ணைத் தீபாவளித் தள்ளுபடி விளம்பரத்துக்குத் திருப்பிவிட அங்கே இடமில்லை. ஒப்புதல் என்பது கட்டாயமின்றி, குறிப்பிட்ட நோக்கத்துக்கு, விவரம் தெரிந்து தரப்பட வேண்டும் என்றும், கொடுத்தது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வசதி தரப்பட வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியிடப்பட்டன. வணிகர்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் வகையில் அமைக்கப்பட்டிருக்கின்றன. இவ்வளவு நீண்ட அவகாசம் கடைகளுக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். ஒரு மென்பொருளில் எண் கேட்கும் கட்டத்தைக் கட்டாயமற்றதாக மாற்ற ஒரு மாலைப் பொழுது போதும்.

கொடுத்தாகிவிட்ட எண்ணுக்கு

விளம்பர அழைப்புகளை நிறுத்த 1909 என்ற எண்ணுக்குப் பேசலாம். அல்லது தொடங்கு என்று பொருள்படும் ஸ்டார்ட் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, 0 என்ற இலக்கத்தைச் சேர்த்து, அதே 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பலாம். 0 என்பது எல்லா விளம்பரத்தையும் தடுக்கும். 1 வங்கி, காப்பீடு, கடன் அட்டை, 2 வீடு, மனை, 3 கல்வி, 4 உடல்நலம் என்று பிரித்துத் தடுக்கவும் வழி உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி என்ற விளம்பரத் தடைச் செயலியிலும் இதைச் செய்யலாம். முறையீடு செய்யவும் அந்தச் செயலிதான் வசதி.

இதைப் பதிவு செய்தும் குறுஞ்செய்திகள் வருகின்றனவே என்று பலர் நொந்துகொள்கிறார்கள். அதற்கு ஒரு காரணம், நாம் கடையில் தந்த ஒப்புதல். ஒரு கடைக்கு விளம்பரம் அனுப்ப வெளிப்படையாகச் சம்மதித்திருந்தால், அந்தக் கடைக்கு மட்டும் 1909 பதிவு தடையாகாது. அதனால்தான் கல்லாவிலேயே மறுப்பதற்கு இவ்வளவு இடம் ஒதுக்கினேன். அத்தகைய கடையின் செய்தியிலேயே விலகிக்கொள்ளும் வழி தரப்பட்டிருக்க வேண்டும். அதைப் பயன்படுத்தி ஒவ்வொன்றாக விலக வேண்டும். வங்கி பரிவர்த்தனைச் செய்திகளை 1909 பதிவு நிறுத்தாது, நிறுத்தவும் கூடாது.

செய்தி எந்த வகை என்று அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தே காட்டிக்கொடுக்கும். சிறு கோட்டுக்குப் பின் ஆங்கிலத்தில் பி என்ற எழுத்து இருந்தால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. அழைப்புகளில், 140 என்று தொடங்கும் எண் விளம்பரத்துக்கும், 1600 என்று தொடங்கும் எண் வங்கி போன்றவற்றின் சேவை அழைப்புக்கும் ஒதுக்கப்பட்டவை. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து மனை விற்கவோ கடன் தரவோ அழைத்தால், அந்த அழைப்பே விதிமீறல். 2025 பிப்ரவரியில் டிராய் திருத்திய விதிப்படி, இத்தகைய பதிவில்லாத அழைப்புகளைப் பற்றி முறையிட முன்கூட்டியே 1909இல் பதிந்திருக்க வேண்டியதில்லை. முறையீட்டுக்கான கெடுவும் மூன்று நாளிலிருந்து ஏழு நாளாக உயர்ந்திருக்கிறது. அழைத்த எண், தேதி, எதைப் பற்றிப் பேசினார்கள் என்ற ஒரு வரி ஆகியவை போதும். பத்து நாளில் ஐந்து முறையீடு சேர்ந்தாலே அந்த எண்ணின் மீது நடவடிக்கை தொடங்க வேண்டும் என்று அளவும் குறைக்கப்பட்டிருப்பதால், ஒவ்வொரு முறையீட்டுக்கும் முன்பைவிட எடை கூடியிருக்கிறது. ஆகவே வீட்டில் ஒருவருக்கு வந்த அழைப்பு இன்னொருவருக்கும் வந்தால் இருவரும் தனித்தனியே முறையிடுங்கள்.

அழைப்பவரைத் திட்டுவதில் பயனில்லை. அவரும் இலக்கு வைத்து வேலை வாங்கப்படும் ஒரு பிள்ளைதான். எந்த நிறுவனம், எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு, ‘எனக்கு வேண்டாம் தம்பி, இனிமே கூப்பிடாதீங்க’ என்று சொல்லி வைத்துவிட்டு, முறையீட்டை அனுப்புங்கள். வங்கியிலிருந்து, காவல் துறையிலிருந்து என்று மிரட்டும் அழைப்பு மட்டும் வேறு வகை. பணம் போகவில்லை என்றால், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், சந்தேக அழைப்புகளைத் தெரிவிப்பதற்கான சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இணைய மோசடிக்கான உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும்.

செயலிகளைப் பற்றி ஒரு சொல். கைபேசி அமைப்புகளில் அனுமதிகளைத் திறந்து, தொடர்புப் பட்டியலைப் பார்க்க எந்தெந்தச் செயலிக்கு இசைவு தந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். காரணம் புரியாதவை எல்லாவற்றையும் நீக்குங்கள். தொடர்புப் பட்டியலில் இருப்பது உங்கள் எண் மட்டுமல்ல, உங்களை நம்பி எண் தந்தவர்கள் அனைவரின் எண்ணும்தான். கடன் தரும் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதித்துவிட்டது. அப்படிக் கேட்கும் கடன் செயலியை அந்த இடத்திலேயே அழித்துவிடுவது நல்லது.

கூட்டாக எதிர்ப்பது

கத்தினால்தான் கேட்பார்கள், கடையை மறித்தால்தான் வழிக்கு வருவார்கள் என்ற கருத்தும் நம்மிடையே வலுவாக இருக்கிறது. தொந்தரவு தராத எதிர்ப்பை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. தொந்தரவு யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில்தான் எனக்கு அவர்களோடு கருத்து வேறுபாடு.

இந்தியாவில் தொழில்நுட்ப நிறுவனங்களும் அரசும் மக்களின் எதிர்ப்பால் பின்வாங்கிய நிகழ்வுகளைப் பாருங்கள். 2015இல் இணையச் சமநிலைக்காக, அதாவது எல்லாத் தளங்களையும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒரேபோல நடத்த வேண்டும் என்பதற்காக, டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போயின. அதே நேரத்தில், குறிப்பிட்ட செயலிகளை மட்டும் தரவுக் கட்டணமின்றித் தரும் ஏர்டெல் ஜீரோ திட்டத்தில் சேரப் பேச்சு நடத்திய ஃபிளிப்கார்ட்டின் செயலிக்கு மக்கள் ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகளைக் குவித்தார்கள். நிறுவனம் அத்திட்டத்திலிருந்து விலகியது. 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் விதிப்பதை டிராய் தடை செய்ததால், சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டமும் இந்தியாவில் நின்றது. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் அந்தரங்கக் கொள்கையை மாற்றுவதாக அறிவித்தபோது, மக்கள் கூட்டமாகச் சிக்னல், டெலிகிராம் செயலிகளுக்குப் போகத் தொடங்கினார்கள். பிப்ரவரி 8 என்றிருந்த கெடு மே 15க்குத் தள்ளிப்போனது. 2025 நவம்பர் இறுதியில், புதிய கைபேசிகள் எல்லாவற்றிலும் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உற்பத்தியாளர்களுக்கு ஆணையிட்டது. செய்தி வெளியானதும் எழுந்த கடும் எதிர்ப்பால் டிசம்பர் 3 அன்றே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. சஞ்சார் சாத்தி தளத்தைப் பற்றி நல்லவிதமாக மேலே எழுதியவன் நான். அதன் செயலியைக் கட்டாயப்படுத்தினால் எதிர்ப்பேன்.

இவை எல்லாவற்றிலும் எதிர்ப்பின் அழுத்தம் முடிவெடுக்கும் இடத்தில்தான் விழுந்தது. கோரிக்கையும் தெளிவாக இருந்தது. கல்லாவை மறிப்பதில் இந்த இரண்டும் இல்லை. கடைக்குள் கூட்டமாக உட்கார்ந்தால் காவலர் வருவார், கடை பாதிக்கப்பட்ட தரப்பாகிவிடும், எண் கேட்கும் வழக்கம் மறுநாளும் தொடரும். ஊழியரின் முகத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதை நான் முற்றாக எதிர்க்கிறேன். நம் எண்ணை அனுமதியின்றிப் பரப்பக் கூடாது என்று கேட்கும் நாம், அவர் முகத்தை அனுமதியின்றிப் பரப்புவது எப்படி நியாயமாகும்?

ஆகவே கூட்டு எதிர்ப்பைக் கடிதமாக நடத்துங்கள். குடியிருப்பு நலச் சங்கம், மூத்த குடிமக்கள் சங்கம், ஊர் நூலக வாசகர் வட்டம் என எந்த அமைப்பு கைவசம் இருந்தாலும், இருபது முப்பது வாடிக்கையாளர்கள் கையொப்பமிட்ட கடிதத்தைக் கடையின் தலைமை அலுவலகத்துக்கும், அது வெளியிட்டிருக்கும் குறைதீர் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். தனிக்கடை என்றால் உரிமையாளரிடம் நேரில் கொடுங்கள். உள்ளூர்க் கடைக்காரர்கள் பலர் மென்பொருள் விற்றவர் சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள், சொன்னால் மாற்றிக்கொள்வார்கள். கடிதத்தில் மூன்று செய்திகள் இருந்தால் போதும்: எந்தக் கிளையில் எந்தத் தேதியில் எண் தராததால் பில் மறுக்கப்பட்டது என்பது, பில் போடும் மென்பொருளில் எண் கேட்கும் கட்டத்தைக் கட்டாயமற்றதாக்கி, எண் தருவது விருப்பம் என்று தமிழில் கல்லாவில் எழுதி வைக்க வேண்டும் என்ற கோரிக்கை, பதினைந்து நாளுக்குள் பதில் வேண்டும் என்ற கெடு. இணையத்தில் மதிப்பீடு எழுதுவதானால் நீங்கள் நேரில் கண்டதை மட்டும் எழுதுங்கள், கடைக்குப் போகாதவர்களை அழைத்து வந்து ஒற்றை நட்சத்திரம் போடச் சொல்லாதீர்கள்.

கெடு முடிந்தும் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே முறையிடலாம். பதிவானதும் வரும் முறையீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் கேட்டு நச்சரிப்பது கடையாக இல்லாமல் இணைய விற்பனைத் தளமாக இருந்தால், 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை முறையீட்டில் குறிப்பிடுங்கள். வாடிக்கையாளரை ஏமாற்றும் பதின்மூன்று வடிவமைப்பு உத்திகளை அந்த நெறிகள் தடை செய்கின்றன. ஓயாமல் நச்சரிப்பதும் கட்டாயப்படுத்திச் செய்யவைப்பதும் அவற்றில் அடங்கும்.

அதிலும் தீர்வு கிடைக்காதபோது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்குரைஞர் கட்டாயமில்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாக வீட்டிலிருந்தே மனு அளிக்கலாம். நிகழ்வு நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுவைத் தர வேண்டும். பில், கல்லா அட்டையின் படம், மேலாளரிடம் கேட்ட கேள்வியும் அவர் சொன்ன பதிலும் எழுதிய குறிப்பு, கடைக்கு அனுப்பிய கடிதத்தின் நகல், அது போய்ச் சேர்ந்ததற்கான அஞ்சல் ஒப்புகை, 1915இல் பெற்ற முறையீட்டு எண் ஆகியவற்றை மனுவோடு இணைக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சிட்ட பில் சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பதால், வாங்கிய அன்றே அதை நகல் எடுத்துவிடுங்கள்.